வீட்டுக்கு வராத கோடாலி

உலகமெங்கும் பரவிவரும் கோடாலி எறியும் போட்டிக்குச் சிங்கப்பூரின் சுவா சூ காங்கிலிருந்து ஒருவர் தயாராகிறார். எறிவதில் பெரிய சிரமம் இல்லை. சிரமமெல்லாம் எறியாத நேரத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. டெக் வாய் பக்கம் ஒரு வீவக புளோக்கின் பத்தாவது மாடித் தாழ்வாரம். செருப்பு அலமாரிக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் நடுவே ஒருவர் கால்களை அகட்டி நிற்கிறார். கையில் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய தமிழ் முரசு. இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிறார். ஒரு மூச்சு. முழங்கை முன்னே வர, கண் மட்டத்தில் விரல்கள் திறக்கின்றன. பத்திரிகை காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவில் மோதி விழுகிறது.

கதவு திறக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக், அதாவது மலாய் அம்மா, கீழே கிடக்கும் பத்திரிகையைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார். கொசுவா என்று மலாயில் கேட்கிறார். இவர் ஆமாம் என்று தலையாட்டுகிறார். உண்மையைச் சொன்னால் அந்தக் கதவு இனிமேல் திறக்காது.

இவர் என் நண்பர். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தலைக்கவசம் போடாதவனைக் கண்டால் ஏணியிலிருந்து இறக்கிவிடுகிற ஆள். அலுவலகக் கூட்டாளிகளோடு ஒருநாள் கோடாலி எறியும் கூடத்துக்குப் போனார், அன்றோடு பிடித்துக்கொண்டது. வெளிநாட்டில் நடக்கும் திறந்த போட்டி ஒன்றில் சாதாரண ஆட்டக்காரராகப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய ஆசை. ஜெயிக்கும் கனவெல்லாம் கிடையாது. போய் நின்று, எறிந்து, முறையாகத் தோற்றுவிட்டு வந்தால் போதும் என்கிறார். அந்தத் தோல்விக்கே எவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கொல்லைப்புறத்தில் தொடங்கியது

கோடாலி எறிவது பழைய சங்கதி. ஐந்தாறாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பிராங்க் இனப் போர்வீரர்கள் எறிவதற்கென்றே கோடாலி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மரம் வெட்டுகிறவர்களின் திருவிழாக்களில் இரட்டை அலகுக் கோடாலியைக் குறிவைத்து எறிவது ஒரு பந்தயம். விஸ்கான்சின் மாநிலத்தின் ஹேவார்டில் 1960 முதல் அவர்களுக்கென ஓர் உலகப் போட்டியே நடக்கிறது.

இன்று ஊர் ஊராகத் திறந்திருக்கும் கூடங்களின் கதை வேறு. அது கனடாவின் டொராண்டோவில், 2006இல், மேட் வில்சன் என்பவரின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொடங்கியது. நண்பர்கள் வாரம் ஒருமுறை கூடி எறிந்தார்கள், புள்ளி எழுதினார்கள், அது லீக் ஆனது. அந்த வழியில் 2016இல் அனைத்துலகக் கோடாலி எறிதல் கூட்டமைப்பு வந்தது. மறு ஆண்டே இன்னொரு அமைப்பாக உலகக் கோடாலி எறி லீக் கிளம்பியது. அதன் இறுதிப் போட்டியை 2018இல் இஎஸ்பிஎன் ஒளிபரப்பியதும் விளையாட்டின் தலையெழுத்து மாறியது. 2022 டிசம்பரில் உலகப் போட்டி நடந்த ஊர் விஸ்கான்சினின் ஆப்பிள்டன். ஹேவார்டும் அதே மாநிலம்தான் என்பது தற்செயலாக இருக்காது. மரம் வெட்டிப் பிழைத்த நாட்டில் கோடாலியைப் பார்த்து யாரும் இரண்டடி பின்வாங்குவதில்லை.

சுவா சூ காங்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் காட்டை வெட்டி கேம்பியரும் மிளகும் போட்ட பூமி இது. ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குத் தலைவனாக இருந்தவனின் குடும்பப் பெயர்தான் பேட்டையின் பெயரில் நிற்கிறது. கோடாலியால் பிறந்த பேட்டையில் இன்று கோடாலியோடு லாட் ஒன் கடைத்தொகுதிப் பக்கம் நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

பத்து எறி, அறுபத்து நான்கு புள்ளி

உலகக் கோடாலி எறி லீக்கின் ஆட்டம் எளிது. ஆளுக்குப் பத்து எறி. நடுப்புள்ளிக்கு 6. அதைச் சுற்றிய வளையங்களுக்கு 4, 3, 2, 1. பலகையின் மேல் பகுதியில் இரண்டு சின்னப் புள்ளிகள் உண்டு. அவற்றைக் 'கில்ஷாட்' என்கிறார்கள், அடித்தால் 8. ஆனால் எறிவதற்கு முன்பே 'கில்ஷாட்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தவறினால், கோடாலி வேறு எந்த வளையத்தில் குத்தி நின்றாலும் சுழியம். ஓர் ஆட்டத்தில் இரண்டு கில்ஷாட்தான். ஆக எட்டு முறை 6, இரண்டு முறை 8, மொத்தம் 64. அதற்கு மேல் யாராலும் போக முடியாது.

நண்பர் இதை ஒரு காப்பிக்கடைத் துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பத்து எறியும் 4 விழுந்தால் 40. புதிதாக வருகிறவருக்கு அது மரியாதையான எண்ணிக்கை. பாதி எறி நடுப்புள்ளியிலும் பாதி அடுத்த வளையத்திலும் விழுகிற ஆளுக்கு ஓர் எறிக்குச் சராசரி 5. அப்படிப்பட்டவர் கில்ஷாட் கேட்பது எப்போது லாபம்? எட்டில் ஐந்து முறைக்கு மேல் அதை அடிக்கத் தெரிந்தால் மட்டும். தெரியாதவர் கேட்டால் அது வெறும் வீம்பு. கூடத்தில் விளையாட்டுக்கு எறியும் கூட்டம் முதலில் ஆசைப்படுவது அந்தச் சின்னப் புள்ளிகளுக்குத்தான். போட்டிக்குப் போகிறவர் முதலில் கைவிட வேண்டியதும் அதைத்தான். கடைசி எறியில் மூன்று புள்ளி பின்தங்கி நின்றால் மட்டும் வேறு கணக்கு.

கனடா வழி வந்த கூட்டமைப்பின் ஆட்டம் இதிலிருந்து கொஞ்சம் விலகும். மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து எறி. நடுப்புள்ளிக்கு 5, ஐந்தாவது எறியில் பச்சைப் புள்ளியைக் கேட்டு அடித்தால் 7, முழு மதிப்பெண் 81. எந்த அமைப்பின் போட்டிக்குப் போகிறோம் என்று பார்க்காமல் பயிற்சி எடுத்துவிட்டுப் போய் நிற்பவர்கள் உண்டு. கோடு தொடர்பான தீர்ப்பே இரண்டிலும் வேறு. ஒன்றில், அலகு மேல்மதிப்புக் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும். மற்றதில், அலகின் பெரும்பகுதி எந்த வளையத்தில் இருக்கிறதோ அதற்குத்தான்.

■ பெட்டிச் செய்தி: கோட்டருகே நிற்பதற்கு முன்

பலகையிலிருந்து எறிகோடு 12 அடி தள்ளி. பெரிய கோடாலிப் பிரிவுக்கு இன்னும் தூரம்.

இருவர் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் எறிவார்கள். இருவரும் எறிந்து முடித்த பிறகுதான் இருவரும் எடுக்கப் போக வேண்டும். எடுக்கப் போகுமுன்னே கோடாலி கழன்று விழுந்தால் புள்ளி இல்லை.

கால் கோட்டைத் தாண்டினால் அந்த எறி வீண்.

கோடாலியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. ஒருவர் வைக்க, மற்றவர் எடுக்க வேண்டும்.

விரல் மூடிய காலணி கட்டாயம். செருப்போடு வந்தால் வாசலோடு சரி.

ஒரே ஒரு சுற்று

கோடாலி எறிவதற்குத் தோள் வலிமை வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். முக்கால் கிலோ சுமாருக்கு இருக்கும் ஒரு கைக்கோடாலி 12 அடி தூரம் போக வலிமை என்ன வேண்டிக் கிடக்கிறது? வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தூரத்துக்குள் அது சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கையை விடும்போது அலகு பலகையைப் பார்த்திருக்கிறது. காற்றில் தலைகுப்புறப் போய்த் திரும்பவும் அலகு பலகையைப் பார்க்கும் அந்த நொடியில் மரத்தைத் தொட வேண்டும்.

பிடி முதலில் பலகையைத் தொட்டால் சுற்று இன்னும் முடியவில்லை என்று பொருள். கொஞ்சம் பின்னால் நகர வேண்டும். தலைப்பகுதியின் உச்சி மோதினால் சுற்று கூடிவிட்டது, முன்னால் வர வேண்டும். அரை அடி நகர்ந்தாலே போதும். புதியவர்கள் இந்த இடத்தில் செய்யும் வேலை, நிற்கும் இடத்தை மாற்றாமல் வேகத்தைக் கூட்டுவது. வேகம் கூடினால் மணிக்கட்டும் சேர்ந்து உதறும். மணிக்கட்டு உதறினால் சுற்று எகிறும். கோடாலி திரும்பித் தரையில் துள்ளும் சத்தத்தைக் கேட்டால் கூடத்தில் இருக்கும் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பும்.

அதனால்தான் தாழ்வாரத்தில் தமிழ் முரசு. கோடாலியின் எடையும் சுற்றும் பத்திரிகைக்கு வராதுதான். ஆனால் கை ஒரே உயரத்தில் திறக்கிறதா, முழங்கை ஒரே பாதையில் வருகிறதா, மூச்சு எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் பழக்கிக்கொள்ள அது போதும். வீட்டுக் கூடத்தில் கண்ணாடி முன்னால் எதையும் எறியாமல் வெறுங்கையால் எறிவது இன்னொரு பயிற்சி. துப்பாக்கி சுடுபவர்கள் குண்டில்லாமல் விசை இழுத்துப் பழகுகிறார்கள் அல்லவா, அதே கணக்கு. இந்தப் பயிற்சியால் ஏற்பட்ட ஒரே இழப்பு, வீட்டில் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர். அதை இங்கே அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கூடத்துக்குப் போகும் நாள்களில் அவர் எறிவதை விடப் பலகையைப் பார்க்கும் நேரம் அதிகம். இது எனக்குப் பிடித்திருந்தது. பலகை என்பது ஒற்றை மரம் அல்ல. பின்னால் தாங்கு பலகை, அதன்மேல் செங்குத்தாக வரிசையாய் அறைந்த முன்பலகைகள். நடுப்புள்ளி விழும் அந்த நடுப்பலகைதான் முதலில் சாகும். பக்கத்துப் பலகைகள் புதுமாதிரி வெளுத்திருக்க, நடுவில் மட்டும் நார் நாராகப் பிய்ந்து, தொட்டால் தூள் உதிரும். புதுப் பலகையில் கோடாலி நின்றால் அசையாது, ஆனால் கொஞ்சம் கோணலாக வந்தாலும் தெறித்துவிடும். தேய்ந்த பலகை எதையும் உள்ளே விடும். ஆனால் பிடிமானம் இல்லாமல் நீங்கள் போய் எடுப்பதற்குள் கழன்று விழும், புள்ளியும் போகும். பழுத்த ஆட்டக்காரர்கள் பலகையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மரம் காய்ந்து இறுகாமல் இருக்கத் தண்ணீர் தெளிப்பது வழக்கம்.

பலகைக்கு உகந்தது பாப்லர் வகை மரம், வட இந்தியாவில் தீக்குச்சிக்குப் போகும் அந்த மெத்தென்ற ரகம். நம் பக்கத்து வன்மரங்களில் கோடாலியை எறிந்தால் அது எறிந்தவரைத் தேடி வரும்.

சட்டத்தின் கண்ணில் கோடாலி

இனி அசல் பிரச்சினை. ஆட்டக்காரர் ஓரளவு தேறியதும் சொந்தக் கோடாலி கேட்கும் கை. பிடியின் நீளம், எடை, கழுத்தின் வளைவு எல்லாம் கைக்குக் கை மாறும். கூடத்துக் கோடாலிகளில் எது கிடைக்கும் என்று தெரியாது. வெளிநாட்டு லீக் ஆட்டக்காரர்கள் காரின் பின்பெட்டியில் இரண்டு மூன்று கோடாலிகளைப் போட்டுக்கொண்டு போவார்கள். பிடியைச் செதுக்குவார்கள், அலகை அரத்தால் மெலிதாக்குவார்கள்.

சுவா சூ காங்கில் இருப்பவரிடம் கார் இல்லை. வடக்கு தெற்கு ரயில் பாதைதான் அவருடைய கார்.

அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம் 1958 சொல்வது இது: பொது இடத்தில் சட்டபூர்வமான அதிகாரமோ காரணமோ இல்லாமல் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படியும் விழலாம். கோடாலி ஒரு கருவிதான். வன்பொருள் கடையில் விற்கிறார்கள், தோட்ட வேலைக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எந்த நேரத்தில், எங்கே, எதற்காக அது உங்கள் பையில் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 'விளையாடப் போகிறேன்' என்பது நியாயமான காரணம்தான். அந்த நியாயத்தை இரவு பத்து மணிக்கு இயூ டீ நிலையத்தின் பைச் சோதனை மேசை முன்னால் நின்று விளக்குவதுதான் பிரச்சினை. பதிவு செய்த சீட்டு, கூடத்தின் மின்னஞ்சல், அலகுக்கு உறை, பூட்டிய பெட்டி என்று எல்லாம் இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கு இவை எதுவும் தெரியாது. ரயிலில் ஒருவர் பையிலிருந்து கோடாலிப் பிடி நீட்டிக்கொண்டிருந்தால் நானே இடம் மாறித்தான் உட்காருவேன்.

இதோடு 2021இல் இயற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. எனவே இணையத்தில் பார்த்துப் பிடித்ததை அனுப்பச் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது மிக மோசமான வரிசை. வாங்குவதற்கு முன் போலீசிடம் கேட்பதுதான் சரியான வரிசை.

நண்பரின் வீட்டில் இந்த விவாதம் சட்டப் புத்தகம் வரை போகவில்லை. மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார். "பிள்ளைங்க இருக்கிற வீடுன்னு அரிவாள்மனையையே அலமாரி மேல ஏத்தி வச்சிருக்கேன். நீங்க கோடாலி வாங்கணுங்கிறீங்க."

2021 ஜூலை

சிங்கப்பூரில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர் ஒரு நாளைத் தாண்டிப் போக முடியாது. 2021 ஜூலை 19. பூன் லேயில் ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் 13 வயது மாணவன் ஒருவன் கோடாலியால் கொல்லப்பட்டான். செய்தவன் அதே பள்ளியின் 16 வயது மாணவன், கோடாலி இணையத்தில் வாங்கியது. 2023 டிசம்பரில் அவனுக்கு 16 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. சுவா சூ காங்கிலிருந்து பூன் லே எட்டிப்பிடிக்கும் தூரம். இந்த வட்டாரத்தில் எத்தனையோ பெற்றோர் அன்று மாலை பிள்ளைகளை ஒன்றும் கேட்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சம்பவத்துக்கும் கூடத்தில் மாலைநேரம் பலகையில் எறிகிற ஊழியருக்கும் தொடர்பு இல்லை என்று சொல்வது சுலபம், உண்மையும்கூட. ஆனால் 'கோடாலி' என்ற சொல் காதில் விழுந்ததும் இங்கே எல்லார் மனமும் ஒரே இடத்துக்குப் போகிறது என்பதும் உண்மை. எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்த விளையாட்டில் இருப்பவர்கள் அந்த அச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. தோரணைக்காக முகத்தை முறைத்துக்கொண்டு கோடாலியோடு படம் எடுத்து ஊரெல்லாம் பகிர்வதைத் தவிர்க்கலாம். நண்பரின் முகநூலில் அப்படி ஒரு படம்கூட இல்லை. பலகையின் படங்கள் மட்டும் இருக்கின்றன, குத்தி நிற்கும் அலகோடு.

■ பெட்டிச் செய்தி: எறிந்து பழகிய கைகள்

குறி பார்த்து எறிவது தமிழருக்குப் புதிதில்லை. சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் வளரி எறிந்தார்கள். வளைந்த, ஒரு முனை கனத்த ஆயுதம், மரத்திலும் இரும்பிலும் செய்தது. வேட்டைக்கும் போருக்கும் ஆனது.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கை நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்பது அவர் கணிப்பு. அதே வெல்ஷ்தான் பிறகு மருது சகோதரர்களுக்கு எதிரான படையில் இருந்தார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

போருக்குப் பின் கம்பெனி அரசு தென்சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. மிஞ்சிய வளரிகளை இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கலாம்.

துப்பாக்கிக்கு வழி கண்ட பேட்டை

வேடிக்கை என்னவென்றால், ஆபத்தான ஒரு பொருளை விளையாட்டாக வைத்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்குப் பதில் சுவா சூ காங்கிலேயே இருக்கிறது. 172ஆம் எண் பேருந்தில் ஏறிப் பழைய சுவா சூ காங் சாலை வழியே கல்லறைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் அந்தச் சாலையில்தான் தேசியத் துப்பாக்கி சுடும் நிலையம். உலகிலேயே துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையான நாடுகளில் ஒன்று இது. ஆனால் இங்கிருந்துதான் 2014 காமன்வெல்த் விளையாட்டில் ஜாஸ்மின் செர்ரும் தியோ ஷுன் சியேயும் தங்கம் எடுத்தார்கள். 2018இல் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் எடுத்தார்.

எப்படிச் சாத்தியமானது? ஆயுதம் ஆளோடு வீட்டுக்குப் போவதில்லை. அது பூட்டிய கிடங்கில் இருக்கிறது. ஆள் அங்கே போகிறார், கையெழுத்துப் போட்டு எடுக்கிறார், சுட்டு முடித்ததும் திருப்பி வைக்கிறார். உரிமமும் மேற்பார்வையும் ஆட்டத்தின் ஒரு பகுதி, வெளியே இருந்து வந்த தொல்லை அல்ல. அந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்த பெண்கள் உலகத் தரத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றால், கோடாலிக்காரர் 'எனக்கு வீட்டில் வைக்க முடியவில்லை, அதனால் வளர முடியவில்லை' என்று குறைபட இடமில்லை.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. பட்டறையில் வெல்டிங் கருவியைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லையே என்றார். சொந்தக் கோடாலி ஆசையை அவர் விட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். இப்போது கூடத்தில் இருக்கும் எல்லாக் கோடாலியிலும் மாற்றி மாற்றி எறிகிறார். பிடி நீளமானதில் அரை அடி பின்னால், குட்டையானதில் முன்னால். முதல் இரண்டு எறியில் எந்தக் கோடாலி கிடைத்தாலும் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட தேர்வு. சொந்தக் கோடாலிக்காரர்களுக்கு இந்தத் தேர்ச்சி வராது. பலகையும் வெளிச்சமும் தரையும் மாறினால் அவர்களுக்கும் அது தேவைதான்.

விமானம் ஏறுவதற்கு முன்

கோடாலியைக் கையில் கொண்டுபோகும் பையில் வைத்து விமானம் ஏற முடியாது என்று சொல்லத் தேவையில்லை. சரக்கில் போகும் பெட்டியில், உறை போட்டு, அசையாமல் கட்டி வைத்தால் போகும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்வது நல்லது. போவதை விடத் திரும்பி வருவதை யோசிக்க வேண்டும். சாங்கியில் இறங்கும்போது அது 'கொண்டுவரும் பொருள்'. இந்தத் தலைவலிக்கெல்லாம் மாற்று ஒன்று உண்டு. போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதி, அங்கே ஒரு கோடாலி இரவல் கிடைக்குமா என்று கேட்பது. இந்த விளையாட்டில் ஆள்கள் தாராளம். எதிராளியிடமே கோடாலி வாங்கி அவரையே தோற்கடிக்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேர வித்தியாசத்தை யாரும் யோசிப்பதில்லை. போட்டி விஸ்கான்சினில் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பரில் அது நமக்குப் 14 மணி நேரம் பின்னால். அங்கே காலை 10 மணிக்கு முதல் ஆட்டம் என்றால் சுவா சூ காங்கில் நள்ளிரவு 12. தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் கையைக் கண் மட்டத்தில் திறக்க வேண்டும். நண்பர் இரவு வேலைக்குப் பழகியவர் என்பதால் இந்த ஒன்றில் மட்டும் அமெரிக்கர்களை விட முன்னால் இருக்கிறார் என்று சொல்லிச் சிரிக்கிறார். குளிர் இன்னொன்று. விறைத்த விரல் சரியாகத் திறக்காது. கையுறை போட்டு எறிந்தால் பிடி வழுக்கும். எனவே எறியாத நேரமெல்லாம் கையுறை, எறியும்போது வெறுங்கை.

ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் எதிரெதிர் நிற்கும் விளையாட்டு இது. முதல் ஆட்டத்தில் எதிரே நிற்பவர் அறுபது வயது ஆசிரியையாக இருக்கலாம், அவர் 58 எடுக்கலாம். ஜிம்முக்குப் போய்த் தோளை ஏற்றிக்கொண்டு வரும் இளைஞர்கள் இதை நம்புவதில்லை. முதல் சுற்றில் நம்ப வைக்கப்படுகிறார்கள்.

பெரும்பாலான பெரிய போட்டிகளில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. முதல் தோல்விக்குப் பிறகு தோற்றவர்களின் வரிசையில் தொடர்ந்து ஆடலாம். எனவே காலையில் ஒரு தோல்வி, மாலையில் ஒரு தோல்வி என்று திட்டமிட்டுக்கொண்டால் நாள் முழுக்க அரங்கில் இருக்கலாம். வெளியேறியவர்களுக்கும் வேலை இருக்கும். நடுவர்கள் போதாமல் அவர்களையே கூப்பிட்டுப் பலகைக்கு அருகில் நிறுத்துவார்கள். கோட்டை அலகு தொட்டதா இல்லையா என்று கூர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நண்பர் விதிப் புத்தகத்தில் அந்தப் பகுதியைத்தான் இப்போது ரயிலில் படித்துக்கொண்டு போகிறார்.